ஏழு குழாய் இருக்கிறது, வாஷர் இல்லை

சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்து மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் நாள் இரவு, சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று கீழே ஒரு துணியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டாம் நாள் வாளி. மூன்றாம் நாள் ரோஷம் வந்து ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் நசுங்கி, நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு ஓரம் பிய்ந்து கிடந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டுச் சாமான் வரிசையில் கொக்கிகளில் குழாய்கள் தொங்கின. வேலையில்லாமல் எண்ணிப் பார்த்தேன், ஏழு வகை. நீளக் கழுத்து, குட்டைக் கழுத்து, திருகுவது, தூக்குவது, பளபளப்பது, பளபளக்காமல் இருப்பதற்காகவே விலை கூடியது. வாஷர் மட்டும் இல்லை. அங்கே அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்த பையனிடம் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவன், "இது என்ன சார்?" என்றான். சொன்னேன். இடுப்பில் செருகியிருந்த கருவியை எடுத்துத் தட்டினான். "சிஸ்டத்துல இல்ல சார்" என்றான், உண்மையான வருத்தத்தோடு.

முன்பு இதற்கென்று ஒரு ஹார்டுவேர் கடை இருந்தது. கடைக்காரரிடம் பெயரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பழசை நீட்டினால் போதும். விரலால் அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுவார். "அரை இஞ்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மேசைமேல் கவிழ்ப்பார். வாஷர், திருகு, ஓ ரிங், எதற்கு என்றே தெரியாத பித்தளைத் துண்டு எல்லாம் கொட்டும். அதில் ஒன்றைப் பொறுக்கி, பழசின் மேல் வைத்து அழுத்திப் பார்த்து, "ரெண்டா எடுத்துட்டுப் போங்க, இன்னொரு குழாயும் சீக்கிரம் சொட்டும்" என்பார். சொட்டும்தான்.

அந்தக் கடையின் ஷட்டர் இறங்கி இரண்டு வருடம் இருக்கும். அங்கே கடைசியாக எப்போது போனேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. பல்பு, பேட்டரி, கயிறு, பூட்டு எல்லாவற்றையும் வாரச் சாமானோடு சேர்த்து வண்டியில் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிற ஆள் நான். வாஷருக்கு மட்டும் அந்தக் கடை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

இந்த ஒரு வாஷரை வைத்துக்கொண்டு சில வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன ஊருக்கு சூப்பர் மார்க்கெட் வந்தால் மக்களுக்குத் தேர்வு கூடுகிறதா, குறைகிறதா என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. கூடுகிறது என்பவர் அலமாரியில் இருக்கும் பொருள்களை எண்ணுகிறார். குறைகிறது என்பவர் தெருவில் திறந்திருக்கும் கதவுகளை எண்ணுகிறார். இரண்டு பேருடைய கணக்கும் சரிதான். எனக்குக் கதவுக் கணக்குதான் முக்கியம் என்று படுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அலமாரிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன்.

பழைய கடைகளைப் பற்றி எழுதும்போது எல்லோருக்கும் கண் கலங்கிவிடுகிறது. நான் அந்தக் கடைகளில் வாங்கி வளர்ந்தவன், எனக்கு அவ்வளவு கலங்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் நாம். கேட்டதை அவர் எடுத்துக் கொடுப்பார். எந்தப் பொருளை எடுப்பது என்பதும் அவர் இஷ்டம். விலை எங்கும் எழுதியிருக்காது. பெரிய மனிதர் வந்தால் வரிசை கலையும். சில சாமான்களைப் பத்துப் பேர் நடுவில் வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருக்கும், கேட்காமலே திரும்பி வந்தவர்கள் உண்டு. ஊரில் ஒரே கடை என்றால் தூசி படிந்த பழைய சரக்கும் அதே விலைக்குத்தான் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்ல வேண்டும்.

அந்த மேசையை உடைத்தவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்ற கோமாளிப் பெயரில் ஒரு கடை திறந்தார். உள்ளே நுழைய ஒரு சுழல்கதவு, கையில் ஒரு கூடை, சாமான்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொன்றிலும் விலை ஒட்டியிருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு மறு வருடமே காப்புரிமையும் வாங்கினார். இன்று இது காப்புரிமை வாங்குகிற விஷயமா என்று சிரிப்பு வரும். ஆனால் சாமானைக் கையில் எடுத்து, திருப்பிப் படித்து, வேண்டாம் என்று திரும்ப வைக்க முடிவது சாதாரண உரிமை இல்லை. யாருடைய முகத்தையும் பார்க்காமல் 'வேண்டாம்' என்று சொல்லும் சுதந்திரம் அது. பிறகு 1930இல் மைக்கேல் கல்லன் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பெரிய இடம், குறைந்த லாபம், நிறைய விற்பனை என்ற கணக்கில் கடை திறந்தார். 1937இல் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மேன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் யாரும் அதைத் தொடவில்லை. ஆண்களுக்குக் கௌரவப் பிரச்சினை, பெண்களுக்கு ஏற்கெனவே குழந்தை வண்டி தள்ளிய அலுப்பு. கடைசியில் ஆள் வைத்துத் தள்ளிக் காட்டித்தான் மக்களைப் பழக்கினாராம்.

விலை விஷயத்திலும் நியாயமாகப் பேச வேண்டும். எமெக் பாஸ்கர் என்ற பொருளாதார ஆய்வாளர், வால்மார்ட் வந்த அமெரிக்க ஊர்களில் விலைகள் என்ன ஆயின என்று பார்த்து 2005இல் எழுதினார். பல பொருள்களின் விலை உடனே ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை இறங்கியது. காலப்போக்கில் அதைவிட நன்றாகவே இறங்கியது. பற்பசை, ஷாம்பு, சலவைத்தூள் மாதிரிச் சாமான்களில் இறக்கம் அதிகம். அதுவும் ஒப்பீட்டளவில் சின்ன ஊர்களில்தான் இந்த இறக்கம் பெரிதாக இருந்தது. கையிறுக்கமாகக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது கட்டுரை விஷயம் இல்லை, மாதக் கடைசி விஷயம். இதைச் சொல்லாமல் சூப்பர் மார்க்கெட்டைத் திட்டுகிறவரை நான் நம்புவதில்லை.

சரி, இப்போது வாஷருக்கு வருகிறேன்.

ஹார்டுவேர் கடை வாஷரால் பிழைக்கவில்லை. வாஷரை நம்பினால் வாடகைகூடத் தேறாது. பல்பும் பேட்டரியும் பெயின்ட்டும்தான் அவருக்குச் சோறு போட்டன. அந்த லாபத்தின் நிழலில் பிஸ்கட் டப்பா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. மூன்று வருடம் விற்காத பித்தளைத் துண்டுக்கும் அங்கே இடம் இருந்தது, அதற்கு அவர் வாடகை போட்டுப் பார்த்ததில்லை. சூப்பர் மார்க்கெட் வந்து பிஸ்கட் டப்பாவின் மேல் கை வைக்கவே இல்லை. பல்பையும் பேட்டரியையும் மட்டும் எடுத்துக்கொண்டது. வேகமாக விற்பது போனால் மெதுவாக விற்பது தனியாக நிற்காது. மேசையின் இரண்டு காலை எடுத்துவிட்டு, மீதி இரண்டை நான் தொடவில்லையே என்பது போலத்தான்.

இதில் எவ்வளவு வியாபாரம் போனால் ஒரு கடை மூடும் என்பது பலருக்கும் தெரியாத கணக்கு. பாதி போனால் என்று நினைக்கிறோம். அவ்வளவெல்லாம் தேவையில்லை. ஒரு கடை நூறுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எண்பது சரக்கு வாங்கப் போகிறது. பதினைந்து வாடகை, மின்சாரம், ஓர் ஆள் சம்பளம். மீதி ஐந்துதான் அவர் வீட்டுக்கு. இப்போது விற்பனை பத்து குறைகிறது. தொண்ணூறில் சரக்குக்கு எழுபத்திரண்டு போனால் கையில் பதினெட்டு. வாடகையும் மின்சாரமும் அப்படியே நிற்கும். வீட்டுக்கு மூன்று. இருபது குறைந்தால் வீட்டுக்கு ஒன்று. இருபத்தைந்து குறைந்தால் ஒன்றுமே இல்லை. அதாவது நான்கில் மூன்று பங்கு வாடிக்கையாளர் விசுவாசமாக வந்துகொண்டிருக்கும்போதே கடை முடிந்துபோகிறது. அந்த முக்கால்வாசிப் பேருக்கு அடுத்த நாள் காலை பூட்டிய ஷட்டரைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கூட்டம் இருந்ததே, ஏன் மூடினார், மகன் வெளியூரில் நிறைய சம்பாதிக்கிறான் போல என்று தாங்களாகவே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள்.

அப்புறம் மொத்த வியாபாரியின் வண்டி. இதைக் கடைக்காரர்கள்தான் சொல்லக் கேட்க வேண்டும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஊரில் எட்டுக் கடைக்கு வாரம் இரண்டு முறை சரக்கு இறக்கிய வண்டி, நான்கு கடை ஆனதும் வாரம் ஒரு முறை ஆகிறது. இரண்டு ஆனால், "டீசலுக்கே கட்டுப்படியாகல, நீங்களே வந்து எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். மிச்சம் இருக்கிற கடைக்காரர் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டுச் சரக்கெடுக்கப் போக வேண்டும். அன்றைக்கு வந்து ஏமாந்து திரும்பியவர் எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடுவது போலத் தெரிந்தாலும் ஒன்றின் சுமை அடுத்ததன் தலையில் ஏறித்தான் மூடுகின்றன.

இத்தனையிலும் யாராவது 'ஹார்டுவேர் கடை வேண்டாம்' என்று முடிவு செய்தார்களா? ஒருவரும் செய்யவில்லை. 1966இல் ஆல்ஃப்ரெட் கான் என்ற பொருளாதார அறிஞர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: சின்னச் சின்ன முடிவுகளின் கொடுங்கோன்மை. அவர் சொன்ன உதாரணம் ரயில். நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற ஊர். அங்கே எந்தப் பருவத்திலும் நம்பிப் போகக்கூடியது ரயில் ஒன்றுதான். ஆனால் வானம் வெளுத்திருக்கும் நாளெல்லாம் மக்கள் காரிலும் விமானத்திலும் போனார்கள். பனி கொட்டும் நாளில் மட்டும் ரயில். பனி நாள் வருமானத்தில் ரயில் ஓடாது, நின்றுபோயிற்று. ரயில் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் அவர்களே காசு போட்டு ஓட வைத்திருக்கக்கூடும். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. இன்றைக்குப் பேட்டரி எங்கே வாங்குவது என்பதுதான் தினமும் நம் முன்னால் வரும் கேள்வி. அதற்கு நான் ஒவ்வொரு முறையும் புத்திசாலித்தனமாகவே பதில் சொல்லி வந்திருக்கிறேன். என்னுடைய பனி நாள், குழாய் சொட்டிய நாள்.

நடந்ததை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க நிலவரம்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, ஏனென்றால் வால்மார்ட் வேண்டுமென்றே சின்ன ஊர்களிலிருந்து ஆரம்பித்தது. சாம் வால்டன் 1962இல் முதல் கடையைத் திறந்த ஆர்கன்சாவின் ராஜர்ஸ் அப்போது ஒரு சிற்றூர். போட்டியாளர்கள் நகரங்களில் மோதிக்கொண்டிருக்க, இவர் சரக்குக் கிடங்கிலிருந்து ஒரு நாளில் லாரி போய்த் திரும்பும் தூரத்துக்குள் ஊர் ஊராகக் கடை திறந்துகொண்டே போனார். 1980களின் இறுதியிலிருந்து 1990களின் இறுதி வரை அங்கே சிறிய தள்ளுபடிக் கடைகளின் எண்ணிக்கையில் ஏற்பட்ட மாற்றத்தில் 40 முதல் 50 சதவீதத்துக்கு வால்மார்ட்டின் விரிவாக்கமே காரணம் என்று பான்லே ஜியா என்ற பொருளாதார ஆய்வாளர் 2008இல் கணக்கிட்டார்.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாக இருப்பது கென்னத் ஸ்டோன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கண்டது. பெரிய கடை வந்த ஊரில் மொத்த வியாபாரம் முதலில் கூடத்தான் செய்தது. உணவகம், மரச்சாமான் கடை என்று பெரிய கடை விற்காததை விற்றவர்களுக்கு லாபம்கூட உண்டு. வருகிற கூட்டம் அவர்களிடமும் எட்டிப் பார்த்தது. அதே பொருளை விற்றவர்கள் அடிபட்டார்கள். ஆனால் பெரிய அடி விழுந்தது அந்த ஊரில் இல்லை, பக்கத்து ஊர்களில். அங்கே பெரிய கடையும் வரவில்லை, இருந்த கடைகளின் வாடிக்கையாளர்களும் வண்டி ஏறிப் போய்விட்டார்கள். பெரிய ஊர் சின்ன ஊரின் வியாபாரத்தை இழுப்பதற்கு வில்லியம் ரெய்லி 1931இலேயே ஈர்ப்பு விசை மாதிரி ஒரு சூத்திரம் போட்டு வைத்திருக்கிறார். ஊர் பெரிதானால் இழுப்பு கூடும், தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். ஆக, சூப்பர் மார்க்கெட் வந்து ஊர் எப்படி ஆயிற்று என்று அந்த ஊரில் மட்டும் போய்க் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அது வராத ஊரில் கேட்க வேண்டும்.

வந்தது திரும்பிப் போனால்? வட கரோலினாவில் ஓரியன்டல் என்று ஓர் ஊர், ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர். 2014இல் வால்மார்ட் அங்கே 'எக்ஸ்பிரஸ்' என்ற சிறிய வகைக் கடையைத் திறந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் இருந்த உள்ளூர் மளிகைக் கடை தாக்குப்பிடிக்க முடியாமல் 2015 அக்டோபரில் மூடியது. 2016 ஜனவரியில் வால்மார்ட் உலகம் முழுக்க 269 கடைகளை மூடுவதாக அறிவித்தது. எக்ஸ்பிரஸ் கடைகள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன, ஓரியன்டல் கடையும்தான். பெரிய நிறுவனத்தின் புத்தகத்தில் அது ஒரு சோதனை, சரிவரவில்லை, நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் அந்த ஊருக்குப் பழைய கதவும் இல்லை, புதிய கதவும் இல்லை. இதில் யார் மேலும் பெரிய வஞ்சகம் என்று சொல்ல முடியாது என்பதுதான் உறுத்துகிறது.

அலமாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷாம்பு வரிசை முன்னால் நின்று பாருங்கள், கண்ணைப் பறிக்கும். ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் வேண்டாம், பேன்டீன் எடுத்துக்கொள்கிறேன் என்று மாற்றினால் ப்ராக்டர் அண்ட் கேம்பிளிலிருந்து ப்ராக்டர் அண்ட் கேம்பிளுக்கு மாறியிருக்கிறீர்கள். சன்சில்க், கிளியர், டவ் மூன்றும் யூனிலீவர். துணி துவைக்க ஏரியலா டைடா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வதும் ஒரே வீட்டு வாசலில் நின்று எந்தத் தூணில் சாய்வது என்று யோசிப்பதுதான். நான் ஒரு நாள் பொழுது போகாமல் ஒவ்வொரு புட்டியாகத் திருப்பிப் பின்பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் நின்ற அம்மா எனக்குத் தலையில் ஏதோ பெரிய பிரச்சினை என்று நினைத்திருப்பார். பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

அந்த வரிசையில் எது கண் மட்டத்தில், எது காலடியில் என்பதை அங்கே வேலை செய்கிறவர் முடிவு செய்வதில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து படம் வரும், அதன்படி அடுக்க வேண்டும். சில நாடுகளில் அந்த இடத்துக்கே உற்பத்தியாளர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. சின்ன உற்பத்தியாளரின் சோப்பு நன்றாக இல்லாததால் அலமாரியில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நுழைவதற்கே அவரிடம் காசு இல்லாமல் இருக்கலாம், அல்லது இருநூறு கடைக்கும் ஒரே நாளில் சரக்கு கொடுக்க முடியாமல் இருக்கலாம். தெருக்கடைக்காரருக்கு இரண்டு அட்டைப்பெட்டி கொடுத்து, "விற்றால் காசு கொடுங்க" என்று சொல்லும் வழி அவருக்கு முன்பு இருந்தது. தெருக்கடை மூடினால் வாங்குகிறவருக்கு மட்டும் கதவு அடைபடுவதில்லை.

'சிஸ்டத்துல இல்ல' என்பதற்கும் ஒரு பிறந்த நாள் உண்டு. 1974 ஜூன் 26, ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற சின்ன ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடை முதன்முதலாக வருடினார்கள். பில் போடும் நேரம் குறைந்தது என்று நாம் சந்தோஷப்பட்டோம். எது விற்கவில்லை என்பது கடைக்கு நாள்வாரியாகத் தெரிய ஆரம்பித்ததும் அன்றுதான். தெரிந்த பிறகு, மூன்று வருடம் சும்மா உட்கார்ந்திருக்கும் பித்தளைத் துண்டுக்கு இடம் கொடுக்க எந்த மேலாளருக்கும் மனசு வராது, வந்தாலும் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

நிறைய வகை இருந்தால் மனிதன் குழம்பிப்போகிறான், அதனால் குறைவே நல்லது என்று ஒரு கட்சி இருக்கிறது. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஜாம் சோதனையை அவர்கள் எடுத்து வருவார்கள். கடையில் ஜாம் மேசை போட்டு 24 வகை வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் வாங்கியவர் 3 சதவீதம், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிறகு இதே மாதிரிச் சோதனைகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு பூஜ்யத்தை ஒட்டியே வந்தது. எனக்கும் குழப்பமெல்லாம் இல்லை. நூறு வகை இருந்தால் தினமும் வாங்குவதையே எடுத்துக்கொண்டு வருகிறேன். என் புகார் வகை அதிகம் என்பதில்லை.

பிடிக்காவிட்டால் வேறு எங்கே போவேன் என்பதுதான் என் கேள்வி. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2008இல் மளிகைச் சந்தையைத் துருவிப் பார்த்தபோது ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் எடுத்தது. பெரிய கடைக்கு அனுமதி கொடுக்கும் முன், காரில் பத்து நிமிடத்துக்குள் எத்தனை வேறு வேறு நிறுவனங்களின் கடைகள் இருக்கின்றன என்று பாருங்கள் என்றது. அலமாரியில் எத்தனை ஆயிரம் பொருள் என்று கேட்கவில்லை. இன்னொன்றையும் அது கண்டுபிடித்தது. சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் கடைக்கு அருகிலுள்ள நிலங்களை விற்கும்போதும் குத்தகை எடுக்கும்போதும், 'இங்கே போட்டிக் கடை வரக் கூடாது' என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதி வைத்திருந்தன. 2010இல் ஓர் ஆணை போட்டு அதைத் தடுத்தார்கள். 2020இல் பார்த்தால் டெஸ்கோ என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் மட்டும் அந்த ஆணையை 23 முறை மீறியிருந்தது. சின்ன ஊரில் இரண்டாவது சூப்பர் மார்க்கெட் ஏன் வரவில்லை என்று கேட்டால், மக்கள்தொகை போதாது என்பார்கள். சில சமயம் அதுதான் காரணம். சில சமயம் காரணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் பத்திரத்தில் கிடக்கிறது.

அப்படியானால் பெரிய கடையே வராமல் தடுத்துவிடலாமே என்று தோன்றும். பிரான்ஸ் தடுத்துப் பார்த்தது. 1973இல் ரொயே சட்டம், 40,000க்குக் குறைவான மக்கள் உள்ள ஊரில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் கடை திறக்கத் தனி அனுமதி வேண்டும் என்றது. 1996இல் அதை 300 சதுர மீட்டராக இறுக்கினார்கள். இந்த அனுமதிக் குழுக்களின் முடிவுகளை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் பெர்ட்ராண்டும் கிராமார்ஸும் 2002இல் சொன்னது: தடை கூடிய இடங்களில் ஏற்கெனவே இருந்த பெரிய நிறுவனங்களின் பிடிதான் இறுகியது, வேலைவாய்ப்பு வளர்வதும் மந்தமானது. முதலில் உள்ளே வந்தவருக்குக் காவல் போட்ட கதை. சின்னக் கடையைக் காப்பாற்றப் போட்ட வேலி பெரிய கடைக்குப் பயன்பட்டது.

ஆகவே எனக்குச் சூப்பர் மார்க்கெட் வருவதில் வருத்தமில்லை, ஒன்றோடு நின்றுபோவதில்தான் பயம். சராசரி சூப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைப் பொருள் இருக்கலாம். ஆல்டி மாதிரித் தள்ளுபடிக் கடையில் இரண்டாயிரத்தைத் தாண்டினால் அதிகம். முப்பதாயிரம் வகையோடு ஒரு கடை இருக்கும் ஊரைவிட, இரண்டாயிரம் வகையோடு மூன்று நிறுவனங்களின் கடைகளும், கூடவே சைக்கிளில் போகும் தூரத்தில் தெருக்கடைகளும் இருக்கும் ஊரையே நான் தேர்ந்தெடுப்பேன். முதல் ஊரில் கடை விலையை ஏற்றினால், பிடித்த பொருளை நிறுத்தினால், அல்லது ஒரு நாள் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு கோடு கிழித்தால், நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நானாவது வண்டி எடுத்துப் பக்கத்து ஊருக்குப் போவேன். இடம் மலிவு, நிறுத்த வசதி என்று பெரிய கடை பெரும்பாலும் ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில்தான் வருகிறது. நடந்து போய் ஒரு பேட்டரி வாங்கிய வயதானவருக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. யாராவது போகும்போது சொல்லி அனுப்புகிறார், அவர்கள் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்ட காலத்துக்கே அவர் திரும்பிப் போய்விட்டார். சாண்டர்ஸ் மேசையை உடைத்தது அவருக்கு எந்தப் பலனும் தரவில்லை.

குழாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய ரப்பர் செருப்பின் அடியிலிருந்து ஒரு வட்டம் வெட்டிப் போட்டேன். பத்து நாள் நின்றது. பிறகு விதியே என்று அந்த ஏழில் ஒன்றை வாங்கி மாட்டினேன், தூக்கித் திறக்கும் வகை. பார்க்க நன்றாக இருந்தது. போன வாரம் அதுவும் சொட்ட ஆரம்பித்தது. இந்தத் தடவை ரோஷம் சீக்கிரமே வந்து, கழற்றிவிட்டேன். உள்ளே வாஷர் என்று எதுவும் இல்லை. மாத்திரை டப்பா மாதிரி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் உருளை, பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அதே பையன். அடையாளம் தெரிந்து சிரித்தான். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இது தனியா வராது சார், முழுக் குழாயாத்தான் எடுக்கணும்" என்று கொக்கிகளைக் காட்டினான். இப்போது ஐந்து வகைதான் தொங்கின.